பட்டன் காளானா, பால் காளானா?
பட்டன் தான் எல்லா கடையிலயும் கிடைக்குது, ஆனா சட்டில போட்டதும் தண்ணி விட்டு பாதியா சுருங்கிடும், ஏன்னா அதுல 90 சதவீதத்துக்கு மேல தண்ணி தான். பால் காளான் நம்ம வெயில்லயே, 30 டிகிரிக்கு மேலயும் வளரும், பட்டனுக்கோ ஊட்டி குளிரு இல்லனா ஏசி ரூம் வேணும்.

ருசில என் ஓட்டு பால் காளானுக்கு தாங்க. அந்த தடி தண்ட நீளமா கிழிச்சு, சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை போட்டு நல்லெண்ணெய்ல வதக்குனா கறி மாதிரி மெல்ல மெல்ல சுகம், ஃப்ரிட்ஜ்லயும் பட்டன் மாதிரி சீக்கிரம் கறுக்காது. சூப், பிரியாணின்னா மட்டும் பட்டன்.

சத்துல பெருசா வித்தியாசம் இல்ல, ரெண்டுலயும் கொழுப்பு கம்மி, நார்ச்சத்து, பி வைட்டமின் உண்டு. புரோட்டீன் அள்ளித்தரும்னு சொல்றத நம்பாதீங்க, 100 கிராம் பட்டன்ல 3 கிராம் தான், பருப்ப நிறுத்திடாதீங்க.