கலப்பு மரபினரின் சுருட்டை முடியை யாரிடம் வெட்டக் கொடுப்பது?

பெற்றோரில் ஒருவர் ஆப்பிரிக்க மரபினராகவும் மற்றவர் வேறு இனத்தவராகவும் இருக்கும்போது, பிள்ளையின் முடியை இன்ன வகை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. பின்கழுத்தில் இறுக்கமான சுருள், உச்சியில் தளர்ந்த சுருள், நெற்றியோரத்தில் வெறும் அலை என ஒரே தலையில் பல விதங்கள் கலந்திருப்பது சாதாரணம். அதனால் வெட்டுபவரைத் தேர்ந்தெடுக்கும்போது கடையின் பெயர்ப்பலகையைவிட, கத்தரியை எடுக்கும் முன் அவர் முடியை எப்படிப் பார்க்கிறார் என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

முதல் வாய்ப்பு, எல்லோரும் செல்லும் வழக்கமான சலூன். அங்கே பெரும்பாலும் முடியை நனைத்து, சீப்பால் இழுத்துப் பிடித்து, ஒரே கோட்டில் வெட்டுவார்கள். நேர்முடிக்கு இது சரியான முறைதான். சுருட்டை முடிக்கோ இதுவே வினையாகிறது. ஈரத்தில் தோள்வரை தொங்கும் ஒரு சுருள் காய்ந்ததும் தாடைவரை ஏறிவிடும். அதன் பக்கத்திலேயே இருக்கும் தளர்ந்த சுருள் இரண்டு விரற்கடை மட்டுமே ஏறும். நனைந்திருந்தபோது நேராகத் தெரிந்த கோடு, காய்ந்தபின் மேடும் பள்ளமுமாகிவிடும். அடர்த்தியைக் குறைப்பதாகச் சொல்லிப் பல் கத்தரியையோ ரேஸரையோ எடுத்தால், சுருளின் நடுவே குட்டை இழைகள் உண்டாகிப் பல மாதங்கள் பறந்துகொண்டிருக்கும். பயிற்சி முறையிலேயே இந்தக் குறை நெடுங்காலம் இருந்தது. பிரிட்டனில் சிகையலங்காரத் தொழிலுக்கான தேசியத் தரநிலைகள் ஆப்பிரிக்க முடியையும் சுருட்டை முடியையும் உள்ளடக்கும்படி திருத்தப்பட்டதே 2021இல்தான்.

இரண்டாவது, ஆப்பிரிக்க முடிக்கென்றே நடத்தப்படும் சலூன். சிக்கெடுப்பதில் இவர்களின் கைப்பக்குவம் தனி. கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து தொடங்கி வேர்நோக்கிப் பொறுமையாகப் பிரித்துக்கொண்டு போவார்கள். குழந்தை அழாமல் எழுந்து வரும். பின்னல், ஒட்டக் கத்தரித்த ஆண்பிள்ளை வெட்டு ஆகியவற்றுக்கு இவர்களிடமே போகலாம். ஆனால் இங்கேயும் கவனிக்க வேண்டியது உண்டு. சில இடங்களில் பின்னலும் முடியை நேராக்குவதுமே முதன்மை வேலை என்பதால், வெட்டுவதற்கு முன் சூட்டுக் கருவியால் முடியை நேராக்கிவிடுகிறார்கள். மெல்லிய இழை அந்தச் சூட்டைத் தாங்காமல் சுருளையே இழந்துவிடக்கூடும். முடியை எப்போதும் நேராக்கி அணிபவருக்கு இந்த முறை பொருந்தும்; சுருளை அப்படியே விடுபவருக்குப் பொருந்தாது.

மூன்றாவது, சுருட்டை முடி நிபுணர். முடி காய்ந்து இயல்பாக விழுந்திருக்கும் நிலையில், ஒவ்வொரு சுருளாக எடுத்து, அது எங்கே நிற்கிறதோ அங்கேயே வெட்டுவது பலருடைய முறை. ஒரே தலையில் பல விதச் சுருள் உள்ளவர்களுக்கு இதைவிட நியாயமான முறையை நான் அறியேன். நேரமும் கட்டணமும் கூடுதலாகும். பிறகு ஒருநாள் முடியை நேராக்கிப் பார்த்தால் நீளம் சீராக இருக்காது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நிபுணர் என்ற பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. சிகையலங்காரர் ஆண்ட்ரே வாக்கரின் வகைப்பாட்டில் 1 என்பது நேர்முடி, 4 என்பது மிக இறுக்கமான சுருள். ஒருவர் காட்டும் படங்கள் எல்லாம் 2ஆம் வகை அலைகளாகவே இருந்தால், உங்கள் பிள்ளையின் பின்கழுத்துச் சுருள் அவருக்குப் புதிதாகத்தான் இருக்கும்.

வீட்டிலேயே வெட்டுவது நுனியைச் சற்றே கத்தரிப்பதற்குப் போதும். அடுக்கு வெட்டுக்குப் போதாது.

சுருளை இயல்பாக விடுபவர்களுக்கு என் தேர்வு மூன்றாவது. அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் இரண்டாவது. எங்கே போனாலும் முன்பதிவின்போதே, காய்ந்த நிலையில் வெட்டுவீர்களா, ரேஸரைத் தவிர்ப்பீர்களா, இதைப் போன்ற முடியை வெட்டிய படங்கள் உண்டா என்று கேட்டுவிடுங்கள். அன்று முடியைக் கட்டாமல், எண்ணெயோ ஜெல்லோ தடவாமல், சிக்கெடுத்து விரித்தபடி போங்கள். முதல் முறை நுனியை மட்டும் வெட்டச் சொல்லி, இரண்டு மூன்று முறை தலைக்குக் குளித்துக் காய்ந்தபின் வடிவம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, முழு வெட்டையும் அவரிடமே ஒப்படைக்கலாம்.