மூடுல், எச்5பி, திறந்த பாடநூல்கள்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு அடிப்படைப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்புகளில் ஒன்று. முன்பு ஒரு கட்டணச் சேவையில் பாடங்களை வைத்திருந்தேன். அவர்கள் திட்டங்களை மாற்றியபோது வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. பாடங்களை நகலெடுத்துக்கொண்டேன். ஆனால் 400 கேள்விகளை வெளியே எடுக்க ஒரு வழியும் இல்லை. இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டச்சு செய்தேன். இன்னொரு முறை அதைச் செய்வதில்லை என்ற முடிவோடுதான், இணையத்தில் பாடமும் தேர்வும் நடத்த உதவும் மூடுல் என்ற மென்பொருளுக்கு வந்தேன்.

மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கிய மூடுலின் முதல் பதிப்பு 2002இல் வந்தது. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமம் கொண்டது. நிறுவிய முதல் வாரம் கொஞ்சம் பொறுமை வேண்டும். மூடுல் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் இயல்பு அமைப்பில் 2 எம்பிக்கு மேல் கோப்பு ஏறாது, அதை நாமே உயர்த்த வேண்டும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானை நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்படி வைக்க வேண்டும், அது ஓடாவிட்டால் மாணவர்களுக்கு அறிவிப்பு மின்னஞ்சல் போகாது. இந்த இரண்டையும் சரிசெய்த பிறகு பெரிய தொல்லை இல்லை.

என்னை அங்கே தங்க வைத்தது கேள்வி வங்கி. கிஃப்ட் என்ற வடிவத்தில் கேள்விகளைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே எழுதலாம்: சரியான விடைக்கு முன்னால் சமக்குறி, தவறானவற்றுக்கு முன்னால் அலைக்குறி, அவ்வளவுதான். கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்க மறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்துவிடும். படம் உள்ள கேள்விகளுக்கு மூடுல் எக்ஸ்எம்எல் வடிவம்தான் சரி, கிஃப்ட் கோப்போடு படம் சேர்ந்து வராது.

அப்புறம் தேர்வுப் புள்ளிவிவர அறிக்கை. இதைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை சதவீதம் மதிப்பெண் கிடைத்தது என்பதோடு, அந்தக் கேள்வியில் எடுத்த மதிப்பெண்ணும் மற்ற கேள்விகளில் எடுத்த மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்றும் காட்டும். என் கேள்வி ஒன்றுக்கு அந்த எண் எதிர்மறையாக வந்தது. அதாவது, நன்றாகப் படித்தவர்களே அதில் தவறியிருந்தார்கள். கேள்வி இதுதான்: 10, 12, 13, 15, 100 ஆகியவற்றின் சராசரி என்ன? நான் எதிர்பார்த்தது 30. அவர்கள் தேர்ந்தெடுத்தது 13, அதாவது வரிசையில் நடுவே நிற்கும் எண்ணான இடைநிலை. ஒரு எண் மட்டும் ஒதுங்கி நின்றால் இடைநிலைதான் பொருத்தமான சராசரி என்று முந்தைய பாடத்தில் சொல்லியிருந்ததே நான்தான். தவறு கேள்வியில் இருந்தது. ‘கூட்டுச் சராசரி’ என்று மாற்றினேன். அந்த அறிக்கை இல்லாவிட்டால் அவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று நினைத்திருப்பேன்.

மூடுலுக்குள் ஊடாடும் பாடத்துண்டுகளைச் செய்ய உதவும் எச்5பி என்ற கருவியில், ஊடாடும் வீடியோ எனக்குப் பிடித்தது. வீடியோ நடுவில் நின்று ஒரு கேள்வி கேட்கும், பதில் சொன்னால் மேலே போகும். பத்து நிமிட வீடியோவுக்கு மூன்று மணி நேரம் வேலை பிடிக்கிறது, அதனால் கடினமான பாடங்களுக்கு மட்டும் செய்கிறேன். விடையைச் சரிபார்ப்பது மாணவரின் உலாவியிலேயே நடப்பதால், விவரம் தெரிந்தவர் மதிப்பெண்ணை மாற்றிவிட முடியும். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சான்றிதழ் தேர்வுக்கு வேண்டாம்.

நேரலை வகுப்புக்குப் பிக்புளூபட்டன் என்ற மென்பொருளை முயன்றேன். வெண்பலகையும் பகிர்ந்த குறிப்பேடும் அருமை. ஆனால் தனி சர்வர், 16 ஜிபி நினைவகம், 8 கோர் என்று பரிந்துரைக்கிறார்கள். எங்கள் சிறிய குழுவுக்கு அது தாங்காது. இப்போது ஓபிஎஸ் என்ற வீடியோ பதிவு மென்பொருளில் பதிவு செய்து ஏற்றுகிறேன்.

பாடப்பொருளுக்கு ரைஸ் பல்கலைக்கழகத்தின் திறந்த பாடநூல்களான ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்கள், எம்ஐடியின் இலவசப் பாடக்குறிப்புத் தளமான ஓப்பன்கோர்ஸ்வேர், விக்கிப்பீடியா மூன்றிலிருந்தும் எடுத்திருக்கிறேன். இங்கேதான் நான் சறுக்கினேன். எம்ஐடி குறிப்புகள் வணிகமற்ற பயன்பாடு, அதே உரிமத்தில் பகிர்வு என்ற நிபந்தனைகளோடு வருகின்றன. விக்கிப்பீடியாவும் அதே உரிமத்தில் பகிரச் சொல்கிறது, ஆனால் வணிகப் பயன்பாட்டைத் தடுப்பதில்லை. இரண்டையும் குழைத்து ஒரே பாடமாக எழுதினால் எந்த உரிமத்தில் வெளியிட்டாலும் ஒன்றை மீறியதாகிவிடும். எழுதி முடித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. அந்த அத்தியாயத்தைப் பிரித்து மறுபடி எழுதினேன். ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்களுக்குள்ளேயே உரிமம் மாறுபடுகிறது, அதனால் ஒவ்வொரு நூலிலும் பாருங்கள். எதை எடுத்தாலும் தலைப்பு, ஆசிரியர், மூலம், உரிமம், எடுத்த தேதி ஆகியவற்றை அன்றைக்கே ஓர் அட்டவணையில் எழுதிவிடுகிறேன்.

மூடுலைப் புதுப்பிக்கும் நாள்தான் இன்னும் பயமாக இருக்கிறது. ஒரு முறை வெளியார் எழுதிய ப்ளக்இன் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) புதிய பதிப்போடு ஒத்துவராமல் தளம் அரைநாள் நின்றது. அதற்குப் பிறகு நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு மட்டும் மாறுகிறேன். 4.1 அப்படி வந்த ஒன்று, அதற்கு அடுத்து வந்தது 4.5. முதலில் நகல் தளத்தில் சோதிக்கிறேன், ப்ளக்இன்களையும் மூன்றாகக் குறைத்துவிட்டேன். புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் சரியாக ஏறும் என்று நம்பாதீர்கள்.

சர்வரைப் பார்த்துக்கொள்ள மாதம் ஐந்தாறு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள், யாராவது பராமரித்துத் தரும் மூடுலை எடுத்துக்கொள்வது நல்லது. கேள்விகளை அதிலிருந்தும் இறக்கிக்கொள்ளலாம்.

அந்த 400 கேள்விகள் இப்போது 1,100 ஆகியிருக்கின்றன. போன மாதம் வேறொரு குழுவில் பயிற்சி நடத்தும் தோழி கேட்டார், கோப்பை அனுப்பினேன். அவற்றில் 17 கேள்விகளைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார். இந்த வாரம் அவற்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.