அந்தி வானத்துக்கு கோல்டன் ஓப்பன் அக்ரிலிக்

கன்னியாகுமரியின் மாலைக் கடலை வரையும்போது சூரியன் எளிது, வானம்தான் கடினம். மஞ்சள் ஆரஞ்சாகி, இளஞ்சிவப்பாகி, விளிம்பு தெரியாமல் நீலத்தில் கரைய வேண்டும். சாதாரண அக்ரிலிக் வண்ணம் நம் ஊர் வெக்கையில் சில நிமிடங்களில் காய்ந்து, தூரிகைத் தடங்கள் வரிவரியாக நின்றுவிடும். அமெரிக்காவின் கோல்டன் நிறுவனத்தின் ஓப்பன் வகை மெதுவாகக் காய்கிறது. வானம் முழுவதையும் நிதானமாகக் கலந்து முடிக்கலாம். எனக்கு இந்த அவகாசம் பெரிய விடுதலை.

ஹன்சா மஞ்சள், குவினாக்ரிடோன் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), அல்ட்ராமரைன் நீலம், டைட்டானியம் வெள்ளை ஆகிய நான்கே போதும். மஞ்சளும் நீலமும் நேரடியாகச் சந்தித்தால் வானம் பச்சையாகிவிடும். நடுவே மெஜந்தா இருக்கட்டும். கடலுக்கும் இதே கலவைதான், சற்று அடர்நிறமாக.

மெல்லிய பூச்சுக்கே ஓப்பன் ஏற்றது. தடிமனாகப் பூசினால் காய நாள்கணக்கில் ஆகும். அலை நுரையின் மேடுகளுக்கு, அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, சாதாரண அக்ரிலிக் வெள்ளையையே பயன்படுத்துங்கள். விலை அதிகம் என்பதால் முழுத் தொகுப்பு வேண்டாம். இந்த நான்கு டியூப்களைத் தனித்தனியாக வாங்கினால் போதும். வெள்ளைதான் முதலில் தீரும்.