வெறும் டிகிரியா, வேலையோடு டிகிரியா?

குன்னூரில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கேட்பது இதுதான்: கல்லூரியில் மட்டும் படிக்கவா, தொழிற்பயிற்சியோடு சேர்ந்த பட்டப்படிப்பில் சேரவா?

வழக்கமான படிப்பில் போட்டித் தேர்வுக்கு நேரம் கிடைக்கும். சரி. ஆனால் தேயிலை ஃபேக்டரியில் வாட்டிய இலையை ஒரு கை அள்ளி இறுக்கி, விரலை விட்டதும் அது விரிகிற விதத்தைப் பார்த்தே பக்குவம் சொல்வார்கள். அதை வகுப்பறையில் பழக முடியாது.

இரண்டாவது வழிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2020-இல் நெறிமுறை வெளியிட்டது. குறைந்தது ஒரு செமஸ்டர் நிறுவனத்தில் பயிற்சி, அதற்கும் கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் மதிப்பீட்டு அலகு, உண்டு. பிரிட்டனில் 2015-இல் தொடங்கிய திட்டம் இன்னும் ஒரு படி மேல். அங்கே மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். படிப்புக் கட்டணம் அவர் தலையில் விழாது. அந்தச் செலவுக்காகத்தான் 2017 முதல் பெரிய நிறுவனங்கள் சம்பளச் செலவில் 0.5 சதவீதம் பயிற்சி வரி கட்டுகின்றன.

முதலாளிக்குப் பழகிய ஆள் கிடைக்கும். கல்லூரிக்குத்தான் வேலை கூடும்: பாடத்திட்டத்தை நிறுவனத்தோடு உட்கார்ந்து எழுத வேண்டும், ஆசிரியர் கோத்தகிரி வரை போய்ப் பிள்ளையைப் பார்த்து வர வேண்டும். இது நடக்காவிட்டால் பயிற்சிக் காலம் பார்சல் கட்டுவதிலேயே கழிந்துவிடும்.

என் ஓட்டு இரண்டாவதுக்கு. சேரும் முன் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். யார் சொல்லித் தருவார், உதவித்தொகை எவ்வளவு, அப்புறம் மண் சரிந்து ரோடு அடைத்தால் வருகைப் பதிவு என்ன ஆகும்?