ஒயின் பெட்டி வாங்கி முதலீடு செய்யச் சொல்லி போன் வந்தால்

லண்டனில் இருக்கும் நம் ஆட்களுக்கு மறுபடியும் இந்த போன் வருகிறது. போன வாரம் மட்டும் இரண்டு பேர் சொன்னார்கள். அதனால் எனக்கு நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

2011 ஜூன் மாதம். ஒயின் முதலீட்டுக் கம்பெனி ஒன்றின் ஆள் என் வேலை இடத்துக்கே போன் செய்தார். அவர் ஒயினைப் பற்றிச் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. பிரான்சின் போர்தோ பகுதியில் 1982 அறுவடையில் வந்த ஒயினை அன்றைய விலைக்கு வாங்கி வைத்தவர்கள் பிற்பாடு பல மடங்குக்கு விற்றது, 2008 பிப்ரவரியில் ஹாங்காங் ஒயின் வரியை அடியோடு எடுத்தது, போர்தோவின் பெயர்பெற்ற தோட்டமான லாஃபீட்டின் ஒயின் என்றால் சீனாவில் அடித்துப்பிடித்து வாங்கியது, 2008 அறுவடை லாஃபீட் புட்டியில் சீனர்களுக்கு ராசியான எட்டு சீன எழுத்தில் பொறிக்கப்படும் என்று தெரிந்ததும் விலை எகிறியது, எல்லாம் நடந்ததுதான். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், அத்தனையும் சரியாக இருந்தது. சரக்கைப் பற்றிச் சொன்னது உண்மை, அதனால் ஆளையும் நம்பிவிட்டேன்.

அவர் விற்றது லாஃபீட் தோட்டத்தின் இரண்டாம் ஒயின், அதாவது முதல் ஒயினுக்கு அடுத்த தரம், காருவாட், 2010 அறுவடை. 3 பெட்டி, 7,000 பவுண்டு. அது நானும் மனைவியும் இரண்டு வருஷம் கட்டி எடுத்த சீட்டுப் பணம்.

போர்தோவில் ஒரு வழக்கம் உண்டு, ஆன் ப்ரிமர் என்பார்கள். அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் இன்னும் பீப்பாயில் இருக்கும்போதே விற்றுவிடுவார்கள், புட்டி கைக்கு வர மேலும் இரண்டு வருஷம்கூட ஆகும். வழக்கம் முறையானதுதான், நல்ல வியாபாரிகள் எல்லாரும் இப்படித்தான் விற்கிறார்கள். ஆனால் ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிட வசதி வேறு இல்லை, ஏனென்றால் அந்த இரண்டு வருஷமும் சரக்கு எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. நானும் கேட்கவில்லை.

தபாலில் ஒரு சான்றிதழ் வந்தது. தடித்த தாள், தங்க நிற முத்திரை, மேலே மாளிகைப் படம், என் பெயர் எழுத்துப் பிழையில்லாமல். அதில் இல்லாதது ஒன்றுதான்: எந்தக் கிடங்கில், எந்த எண்ணில் அந்தப் பெட்டிகள் இருக்கின்றன என்பது. இங்கே ஒயினை வரி கட்டாமல் பாண்டட் கிடங்கில் வைப்பார்கள், அங்கே வந்த சரக்குக்கு ரொட்டேஷன் எண் என்று ஒன்று இருக்கும். இது எனக்கு அப்போது தெரியாது. பத்திரம் இல்லாமல் மனைக்குப் பணம் கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டேன்.

2013 இலையுதிர் காலத்தில் கேட்டேன். கப்பல் தாமதம் என்றார்கள். அப்புறம் லேபிள் பிரச்சினை என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை. அவர்கள் வாய்மொழியாகச் சொல்லியிருந்த கிடங்குக்கு நானே பேசினேன். அந்தப் பெண் பொறுமையாக இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டு, உங்கள் பெயரில் கணக்கே இல்லை சார், அந்தக் கம்பெனி பெயரிலும் 2010 காருவாட் ஒரு புட்டிகூட வந்ததில்லை என்றார். வாங்கவே இல்லை! சில மாதத்தில் கம்பெனி திவால். கலைப்பு அதிகாரியின் கடிதத்தில் பணம் வர வேண்டியவர்கள் பட்டியலின் கடைசியில் என்னைப் போன்றவர்கள் இருந்தோம்.

ஒழுங்கான இடத்தில் வாங்கியவர்களும் அப்போது சந்தோஷமாக இல்லை. 2011 நடுவிலேயே சீன வேகம் அடங்கி லாஃபீட் விலை சரிந்தது, 2010 ஒயின்கள் பல, வெளியிட்ட விலைக்குக் கீழே வருஷக்கணக்கில் கிடந்தன. எனக்கு அவர் காட்டிய விலை வரைபடம் 2011 தொடக்கத்தோடு நின்றிருந்தது.

இதைவிடக் கொதிப்பது அடுத்து நடந்தது. திவாலான ஆறு மாதத்தில் வேறொரு குரல். உங்கள் 3 பெட்டிக்கு ஆள் இருக்கிறது, முதலில் 600 பவுண்டு கட்டணம் கட்டுங்கள் என்றது. என்னிடம் எத்தனை பெட்டி, எந்த வருஷம் எல்லாம் தெரிந்திருந்தது. பழைய பட்டியல் கைமாறியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. கட்டவில்லை.

இந்த ஊரில் ஒயின் முதலீட்டை நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையம் (FCA) ஒழுங்குபடுத்துவதில்லை, பணம் போனால் நிதிச் சேவை ஈட்டுத் திட்டமும் (FSCS) கைகொடுக்காது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் விற்றவரிடம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நாளைக் காலையில் கிடங்குக்கு நேராகப் போன் போட்டு, ரொட்டேஷன் எண்ணைச் சொல்லி, அந்தப் பெட்டி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். எண்ணே தரவில்லையா, உடனே எனக்கு எழுதுங்கள், புகார் கொடுக்க நானும் கூட வருகிறேன்.