என்.ஓ. சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

எங்கள் ஆலையின் காற்றுத்தர ஷெட்டில், காற்றில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை (நாக்ஸ்) அளக்கும் நாக்ஸ் அனலைசருக்கு ஏஎம்சி, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், போட்டிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் கம்பெனி ஆள் வருவார். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் செய்ததைச் சொல்கிறேன், இதே கூத்து உங்கள் ஷெட்டிலும் நடந்துகொண்டிருக்கலாம்.

போன முறை வந்த தம்பி கையில் ஒரு சின்ன சிலிண்டர், ரெகுலேட்டர், கொஞ்சம் டெஃப்லான் ட்யூப், அவ்வளவுதான். கரி டப்பா வழியாகச் சுத்தமான காற்றை விட்டு ஜீரோ பார்த்தார். பிறகு 400 பிபிபி (நூறு கோடியில் 400 பங்கு) என்.ஓ., அதாவது நைட்ரிக் ஆக்சைடு கேஸ். ரீடிங் 371 காட்டியது, சிலிண்டரின் அளவுக்கு ரீடிங்கைச் சரிசெய்யும் ஸ்பானை அழுத்தினார், 400 ஆனது. முக்கால் மணி நேரத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இரண்டு நாளில் சர்டிபிகேட் வந்தது. அதில் ஒரு வரி: 'கன்வெர்ட்டர் எஃபிஷியன்சி 98.4 சதவீதம்'. நானும் ஃபைலில் குத்தி வைத்தேன்.

அந்த மாதம் வெளி லேப் ஒன்று வழக்கமான 24 மணி நேர சாம்பிள் எடுத்தது. ஆர்சனைட் கரைசலில் காற்றை இழுத்து லேபில் பார்க்கும் பழைய முறை. அவர்கள் சொன்ன நைட்ரஜன் டை ஆக்சைடு கன மீட்டருக்கு 41 மைக்ரோகிராம். எங்கள் மெஷினின் அன்றைய சராசரி 20. என் கையில்தான் சர்டிபிகேட் இருக்கிறதே! லேப் பையனைப் பிடித்துச் சண்டை போட்டேன். கரைசல் கெட்டிருக்கும், ஃப்ளோ தப்பாக இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார்: "சார், உங்க மெஷினுக்கு ஜிபிடி பண்ணினாங்களா?"

பண்ணவில்லை. ஜிபிடி என்றால் கேஸ் ஃபேஸ் டைட்ரேஷன், என்.ஓ.வோடு ஓசோனைக் கலந்து கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை. எனக்கே அப்போதுதான் உறைத்தது.

இந்த மெஷினால் என்.ஓ.வை மட்டும்தான் நேரடியாகப் பார்க்க முடியும். என்.ஓ. ஓசோனோடு சேரும்போது வரும் ஒளியைத்தான் அது அளக்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடைப் பார்க்க, சுமார் 315 டிகிரியில் இருக்கும் மாலிப்டினம் கன்வெர்ட்டர் வழியாக அனுப்பி என்.ஓ.வாக மாற்றி, மொத்த நாக்ஸை எடுத்து, அதிலிருந்து என்.ஓ.வைக் கழிக்கும். கன்வெர்ட்டர் செத்தால் கழித்து வரும் டை ஆக்சைடு குறையும். ஆனால் என்.ஓ. சிலிண்டரை மாட்டினால் கன்வெர்ட்டருக்கு அங்கே வேலையே இல்லை. அது அரை உயிரில் கிடந்தாலும் என்.ஓ. 400, நாக்ஸ் 400 என்று அழகாகக் காட்டும். ஸ்பான் பாஸ்!

வேறொரு ஆளை, கேஸை அளவாகக் கலந்து கொடுக்கும் டைல்யூஷன் கேலிப்ரேட்டரும் ஓசோன் ஜெனரேட்டருமாக வரவழைத்தேன். 400 என்.ஓ. கொடுத்து, அதில் ஓசோனைக் கலந்தார். என்.ஓ. 120க்கு இறங்கியது. அதாவது 280 டை ஆக்சைடாக மாறிவிட்டது. மொத்த நாக்ஸ் அசையாமல் 400லேயே நிற்க வேண்டும். நின்றது 262. காணாமல் போனது 138. எஃபிஷியன்சி 51 சதவீதம்! 96க்குக் கீழே போனாலே கன்வெர்ட்டரைச் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏவின் விதி. நம் நாட்டில் 24 மணி நேர வரம்பு 80 மைக்ரோகிராம். அது மீறிப்போய் 90 ஆகியிருந்தாலும் எங்கள் மெஷின் 46 என்றுதான் சொல்லியிருக்கும்.

சிலிண்டர் சர்டிபிகேட்டையும் அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். காலாவதியாகி நாலு மாதம்.

கம்பெனிக்கு போன் போட்டு, ஓசோன் ஜெனரேட்டரே கொண்டுவராமல் 98.4 எங்கிருந்து வந்தது என்றேன். "அது ஃபார்மேட்ல இருக்கும் சார், ஸ்பான் ஓகேதானே?" என்றார் மேனேஜர். அடுத்த நாள் புதுக் கன்வெர்ட்டருக்கு கொட்டேஷன் அனுப்பினார்கள். ஏஎம்சியில் அது வராதாம். கோபத்தில் சிரிப்புதான் வந்தது.

இப்போது எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதியே வைத்துவிட்டேன்: ஓசோன் விடுவதற்கு முன்னும் பின்னும் என்.ஓ., நாக்ஸ் ரீடிங் நான்கையும், நேரத்தோடு மெஷின் திரையை எடுத்த படத்தையும் தர வேண்டும். சிலிண்டர் காலாவதித் தேதியை கேட்டிலேயே பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறோம். ரெகுலேட்டர் மாட்டியதும் பலமுறை கேஸ் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். உள்ளே காற்று நின்றால் அங்கேயே என்.ஓ. டை ஆக்சைடாகிவிடும், பிறகு எந்த எண்ணையும் நம்ப முடியாது.

ஆறு மாத டேட்டாவைச் சந்தேகத்துக்குரியது என்று குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கடிதம் கொடுத்தோம். லேப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். சர்வீஸ் கம்பெனிக்குக் கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை போன் வருகிறது, 98.4 எப்படி வந்தது என்பதை எழுத்தில் கொடுங்கள் என்றதும் லைன் கட்டாகிறது.