சுரங்கத்திலிருந்து வடியும் உலோக நீரைத் தெளியவைக்க எது உதவும்: கண்மாயா, செயற்கையாகக் கட்டிய சதுப்பு நிலமா, சுண்ணாம்புத் தொட்டியா?

மதுரை மாவட்டம் மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டியின் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது நிம்மதி. ஆனாலும் 'சம்பும் கோரையும் உலோகத்தை உறிஞ்சிவிடும், கண்மாய் இருந்தால் போதும்' என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

செடி உறிஞ்சுவது சொற்பம், பிடித்துவைப்பது சேறுதான். மேல்நீரில் காற்றுப் பட்டு இரும்பு துருவாகப் படியும், ஆர்செனிக்கும் அதோடு ஒட்டிக்கொள்ளும். காற்றில்லாத அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்ற, துத்தநாகம், காட்மியம், செம்பு, ஈயம் எல்லாம் கரையாத சல்ஃபைடாகும். மட்கும் சம்புத் தழை அந்த நுண்ணுயிர்களுக்கு இரை.

இதெல்லாம் சேறு நனைந்திருக்கும் வரைதான். மேலூர்ப் பக்கத்து மானாவாரிக் கண்மாய் கோடையில் வெடித்துக் காயும். அப்போது சல்ஃபைடில் காற்றுப் பட்டு அமிலம் உண்டாகும். பிடித்துவைத்த உலோகம் முதல் மழையிலேயே கரைந்து மடை வழியே இறங்கும். போதாக்குறைக்கு, காய்ந்த கண்மாயில்தான் கரம்பை (வண்டல் மண்) அள்ளி வயலுக்கு அடிக்கிறோம். ஆகவே பாசனக் கண்மாயை வடிகட்டியாக்குவது மூன்றிலும் மோசமான வழி.

கட்டிய சதுப்பைக் கோடையிலும் நனைத்துவைக்கலாம், சுரங்க வாயிலிருந்து நீர் வற்றாமல் வந்தால். நீரின் பிஎச் (அமில-கார அளவு, 7-க்குக் கீழே அமிலம்) 6-க்கு மேலிருந்தால் ஒரு சதுர மீட்டர் நாளுக்குச் சுமார் 10 கிராம் இரும்பைப் படியவைக்கும். விநாடிக்கு 1 லிட்டர் நீர், லிட்டருக்கு 50 மில்லிகிராம் இரும்பு என்றால் நாளுக்கு 4.32 கிலோ, அதற்கு 432 சதுர மீட்டர், ஏறக்குறைய 11 சென்ட் வேண்டும். மாங்கனீசுக்கு அதே சதுர மீட்டர் 0.5 கிராம்தான் தாங்கும், அதுவும் இரும்பு நீங்கிய பிறகு. அமில நீரென்றால் முதலில் சுண்ணாம்புக்கல்லும் எருவும் போட்ட படுகை வேண்டும். அதற்கு முன்னால் படிவுக் குட்டை இல்லாவிட்டால் துரு அடைத்துவிடும். எருவும் காலப்போக்கில் தீரும், மாற்ற வேண்டும்.

நீர் மிகுதியாகவும் அமிலமாகவும் வந்தால் சுண்ணாம்புதான். இங்கிலாந்தின் வீல் ஜேன் சுரங்கத்தில் நாணல் படுகைகளைச் சோதித்த பிறகும், 2000 முதல் சுண்ணாம்பு ஆலையே ஓடுகிறது. அமிலத்தன்மையை அதற்குச் சமமான கால்சியம் கார்பனேட் எடையில் அளப்பார்கள், அதில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு வேண்டும். மாங்கனீசுக்காக பிஎச்சை 9-க்கு மேல் ஏற்றினால் படிந்த அலுமினியம் திரும்பக் கரையும். மின்சாரம், ஆள், தினமும் சேரும் சகதியைக் கொட்ட இடம் என்று செலவு ஓயாது.

சிறிய, சீரான ஒழுக்குக்குக் கட்டிய சதுப்பே எங்கள் தேர்வு. அதன் வடிநீர் கண்மாய்க்குத்தான் போகுமென்றால், உள்வாய், மடை, கலிங்கு மூன்றிடத்திலும் கரம்பை மாதிரி எடுத்து உலோகம் பாருங்கள். கூடவே ஒரு பங்கைக் காற்றுப்பட, ஈரம் குறையாமல் எட்டு வாரம் வையுங்கள். பிஎச் 4-க்குக் கீழே இறங்கினால் அந்த மண்ணை வயலுக்கு அடிக்கக் கூடாது.